ராமசாமி என்கிற துரைராஜ்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பெயர்கள். இரண்டுமே ஊரறிய வைத்தவை. பிறந்ததும் அவருடைய தாத்தாவின் பெயரான ராமசாமியை வைத்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். அதே வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது: மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலாகிவிடும் என்று அப்பாயி அவரைத் 'துரை' என்று அழைத்தார். தெருவும் அப்படியே அழைத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியர் கேட்டதற்குப் பையன் 'துரை' என்று சொல்ல, அவர் அழகுக்கு ஒரு 'ராஜ்' சேர்த்து எழுதிக்கொண்டாராம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், பணிப் பதிவேடு, வாக்காளர் அட்டை, ஆதார், கடைசியில் இறப்புச் சான்றிதழ் வரை எல்லாவற்றிலும் அவர் துரைராஜ்.

தாத்தாவுக்கு மட்டும் அவர் கடைசிவரை ராமசாமிதான். தன் தகப்பனார் பெயரை அவர் எப்படி விடுவார்? 1984-இல் அவர் எழுதிவைத்த தான செட்டில்மென்ட் பத்திரத்தில் 'என் மூத்த குமாரன் ராமசாமிக்கு' என்றே இருக்கிறது.

அப்பா காலமான பிறகு நானும் தம்பியும் தங்கையும் அந்த நிலத்தைப் பாகம் பிரித்துக்கொள்ள முடிவு செய்தோம். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பத்திர எழுத்தர் தாள்களை எல்லாம் மேசையில் பரப்பிப் படித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி. இந்த ராமசாமி யார் அம்மா? அவருடைய இறப்புச் சான்றிதழ் எங்கே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மூத்தவள் என்ற முறையில் என்னிடம் வந்தது. அதில் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தார் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பெயர்கள் மாறிய விதத்தை மாற்றவில்லை.

பெரும்பாலோர் முதலில் சொல்லும் யோசனை "கெஜட்டில் போட்டுவிடுங்கள்" என்பது. கெஜட் அறிவிப்பைப் புரிந்துகொள்ள அதன் வாசகத்தைப் படித்தால் போதும். சென்னை அண்ணா சாலையிலுள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை புதன்கிழமைதோறும் வெளியிடும் தமிழ்நாடு அரசிதழில், இன்ன தேதியில் பிறந்த, இன்ன மாவட்டத்தைச் சொந்த மாவட்டமாகக் கொண்ட, இன்ன முகவரியில் வசிக்கும் நான், 'இனி' இன்ன பெயரால் அழைக்கப்படுவேன் என்று அச்சாகும். அறிவிப்பைக் கொடுப்பவர் உயிரோடு இருக்கும் ஆள். மாற்றம் அன்றிலிருந்து முன்னோக்கிச் செல்வது. இறந்துபோனவருக்காக அவருடைய பிள்ளைகள் கெஜட்டில் பெயர் மாற்ற முடியாது. அடுத்த யோசனை, இறப்புச் சான்றிதழில் 'என்கிற ராமசாமி' என்று சேர்ப்பது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 15-ஆம் பிரிவு, தவறான பதிவைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. ஆனால் எங்கள் பதிவாளர், "இறந்தவரின் ஆதாரில் உள்ள பெயரே பதிவாகியிருக்கிறது, இதில் தவறு எது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். துரைராஜ் என்பது பிழை இல்லையே.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெளிவாகியது. எந்தப் பெயரையும் நாங்கள் மாற்றவோ திருத்தவோ தேவையில்லை. ராமசாமியும் துரைராஜும் ஒரே ஆள் என்று காட்டினால் போதும். இரண்டு பெயர்களையும் ஒன்றாக்குவதற்கு அலைவதை விட்டுவிட்டு, இரண்டையும் இணைக்கும் தாள்களைத் தேட ஆரம்பித்தோம்.

தேடும் முன் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். ஆண்டு, ஆவணம், அதிலுள்ள பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில், சர்வே எண், கையெழுத்தா ரேகையா என்று பத்திகள். கையில் இருந்த ஒவ்வொரு தாளையும் அதில் ஏற்றினேன். பெயர் மாறிக்கொண்டே போனாலும் மற்றப் பத்திகளில் பாதி மாறாமல் நிற்பதை அந்தக் கட்டத்தில் கண்கூடாகப் பார்த்தேன். தகப்பனார் பெயர் கருப்பையா, ஊர் அதே ஊர், தொழில் ஆசிரியர். 1984 பத்திரத்திலேயே 'ஆசிரியர் வேலை பார்த்துவரும்' என்று தாத்தா எழுதச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொற்றொடர் எங்களுக்குச் செய்த உதவி பெரிது. புதிதாகப் பத்திரம் எழுதுகிறவர்கள் பெறுபவரின் தொழில், பிறந்த தேதி, கணவர் அல்லது மனைவி பெயர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி கூடினால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு பத்திரமாக இருந்தது. இப்போதைய தலைமை ஆசிரியை பொறுமையாகத் தேடி எடுத்து, விண்ணப்பம் வாங்கிக்கொண்டு பகர்ப்பு நகல் கொடுத்தார். மாணவன் துரைராஜ், தகப்பனார் கருப்பையா, விவசாயம். பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்து. அதே கையெழுத்துதான் 1984 பத்திரத்திலும் இருக்கிறது. மகனைத் துரைராஜ் என்று பள்ளியில் சேர்த்தவரும் ராமசாமிக்கு நிலம் எழுதிவைத்தவரும் ஒருவர்தான் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவருக்கு இன்னொரு மகனும் உண்டு. துரைராஜ் ஒரு மகன், ராமசாமி வேறு மகன் என்று யாராவது சொல்லலாம் அல்லவா? அந்த ஓட்டையை அடைக்க இரண்டு பெயரும் ஒரே தாளில் இருக்கும் ஆவணம் வேண்டியிருந்தது.

அது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் கிடைத்தது. பயிர்க்கடன் நிலத்தின் பேரில் கொடுப்பது. ஆகவே கடன் பேரேட்டில் பத்திரத்தில் உள்ளபடி 'க. ராமசாமி' என்று எழுதியிருந்தார்கள். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தைப் போட்டவர் எங்கள் அப்பா. அவர் எங்கே கையெழுத்துப் போட்டாலும் 'க. துரைராஜ்' என்றுதான் போடுவார். பெயர் ஒன்றாகவும் கையொப்பம் வேறாகவும் ஒரே வரியில் இருந்தன. அம்மாவின் இரும்புப் பெட்டியிலிருந்து 1974-இல் அடித்த கல்யாணப் பத்திரிகையும் கிடைத்தது. 'திருவளர்செல்வன் ராமசாமி (எ) துரைராஜ்' என்று அதில் தெளிவாக இருந்தது. அம்மா வீட்டார் பத்திரிகை என்பதால் மாப்பிள்ளையின் இரண்டு பெயரையும் போட்டிருக்கிறார்கள். அவர்கள் ஊரில் துரைராஜ் என்றால் யாருக்கும் தெரியாதாம், 'கருப்பையா மகன் ராமசாமி' என்றால்தான் தெரியுமாம்.

கல்யாணப் பத்திரிகையைப் போய் ஆதாரம் என்று கொடுப்பதா என்று தம்பி தயங்கினான். தயங்க வேண்டியதே இல்லை. குடும்ப உறவைப் பற்றிக் காலஞ்சென்றவர்கள், தகராறு எதுவும் எழாத காலத்தில் எழுதிவைத்தவற்றை ஏற்பதற்கு 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலேயே இடம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அந்தக் கொள்கையை வைத்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கல்வெட்டு, குடும்பப் படத்தின் பின்னால் எழுதிய பெயர்கள் எல்லாம் இந்த வகையில் வரும். எங்கள் பகுதியில் மொய் நோட்டு இல்லாத வீடு கிடையாது. 'கருப்பையா மகன் துரை', 'மேலத்தெரு ராமசாமி வாத்தியார்' என்று ஒவ்வொருவர் நோட்டிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். தனியாக நின்றால் அவற்றுக்குப் பலம் குறைவு. மற்றத் தாள்களோடு சேர்ந்தால் நல்ல துணை. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் இறப்புச் சான்றிதழில் உள்ளபடி துரைராஜ் என்று கொடுத்துவிட்டு, இணைப்புகளோடு ஒரு மனுவையும், வாரிசுகள் அனைவரும் நோட்டரி முன்பு கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தையும் வைத்தோம். கிராம நிர்வாக அலுவலர் தெருவில் வந்து விசாரித்தார். அப்பாவோடு படித்த பெரியவர் ஒருவரும், எண்பது தாண்டிய அத்தையும் வாக்குமூலம் கொடுத்தார்கள். "எங்க அண்ணனுக்கு ராமசாமி என்பது தாத்தா பேரு, துரை என்பது ஆத்தா வச்ச பேரு" என்று அத்தை சொன்னதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். வருவாய் ஆய்வாளரைக் கடந்து வட்டாட்சியரிடமிருந்து வந்த சான்றிதழில் 'ராமசாமி (எ) துரைராஜ்' என்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு பாகப்பிரிவினை பதிவாகியது.

வட்டாட்சியர் மறுத்திருந்தால் வழி இல்லாமல் போயிருக்காது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 34-ஆம் பிரிவின்கீழ், இருவரும் ஒருவரே என்றும் நாங்கள் அவருடைய வாரிசுகள் என்றும் விளம்புகை, அதாவது நீதிமன்றத்தின் அறிவிப்பு, கேட்டு முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அரசு அலுவலர்களை எதிர்த்தரப்பில் சேர்க்கும்போது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். எங்கள் வழக்கறிஞர், "இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே நீதிமன்றத்தில் காட்டுவதற்கு என்று நினைத்தே தாள் சேருங்கள்" என்றார். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அது தலைசிறந்தது. நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்குத் தாள்கள் இருந்தால் தாலுகா அலுவலகத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் வைத்திருக்க வேண்டியவரிடமிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே பழைய பத்திரங்கள் யார் பொறுப்பில் இருக்கின்றன என்பதும் முக்கியம். மூத்த மகன் வீட்டுப் பெட்டியில் இருப்பது வேறு, எங்கோ கண்டெடுத்தது வேறு.

இந்தத் தேடலில் தாத்தாவைப் பற்றியும் நிறையத் தெரிந்தது. 1931-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருக்கிறது. 1952-இல் தாத்தா தன் உழைப்பில் வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தில் வெறும் 'கருப்பையா' மட்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. அதன் அலை தஞ்சை ஜில்லாவின் சிற்றூர்களுக்கும் வந்தது. தாத்தா பட்டத்தை விட்டவர்களில் ஒருவர் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாளில் அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்க விரும்பவில்லை. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு பயனும் உண்டு. முன்னோர் பெயரைப் பட்டத்தோடும் பட்டமில்லாமலும் தேடுங்கள். எந்த ஆண்டில் பட்டம் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரை வைத்துத் தேடுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்களின் பெயரை வைத்து ஒரு அட்டவணை, சொத்தை வைத்து ஒரு அட்டவணை என்று தனித்தனியாக இருக்கும். பெயர் பல விதமாக எழுதப்பட்ட குடும்பத்தில் முதல் அட்டவணை கைவிட்டுவிடும். சர்வே எண்ணைக் கொண்டு சொத்து அட்டவணையில் தேடினால், கருப்பையா, கருப்பையன், கருப்பன் எல்லோரும் ஒரே நிலத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். இணையத்தில் வில்லங்கம் பார்ப்பவர்களும் சர்வே எண்ணை வைத்தே பாருங்கள். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கிராமக் கணக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கருப்பன் என்று சொன்னேன் அல்லவா. பட்டாவில் தாத்தா பெயர் அப்படித்தான் இருந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வது, கிராமம் கிராமமாகக் கணக்குகளைப் புதிதாக எழுதியபோது இதுபோல ஏராளமான பெயர்கள் சுருங்கின, மாறின, சில இடங்களில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரோடு கலந்தன. இதற்கு யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு என்ற கிராம நிலக் கணக்கின் நகலும் மூலப்பத்திரமும்தான் மருந்து. இரண்டையும் வைத்து யு.டி.ஆர். பிழை என்று குறிப்பிட்டே மனுக் கொடுக்க வேண்டும். சாதாரணப் பட்டா மாறுதல் மனுவாகக் கொடுத்தால், கணக்கில் உள்ள கருப்பனின் வாரிசு யார் என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்பார்கள்.

அப்பா கதைக்கு நேரெதிர் சித்தப்பா. நடராஜன் என்று பிறந்தவர், கல்லூரிக் காலத்தில் தமிழ்ப் பற்றால் கூத்தரசன் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் மாறிய தலைமுறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பான ஆசை. ஆனால் அவர் பெயரை மாற்றியவுடனே கெஜட்டில் போட்டார். அந்த இதழின் ஆண்டு, எண், தேதி, பக்கம் நான்கையும் பணிப் பதிவேட்டில் ஏற்றினார். மூல இதழின் படிகள் பலவற்றை வாங்கி வைத்தார். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு பத்திரத்திலும் 'நடராஜன் என்கிற கூத்தரசன்' என்று எழுதச் சொன்னார். அவருடைய பிள்ளைகளிடம் இதுவரை யாரும் நடராஜன் யார் என்று கேட்டதில்லை. பெயரை மாற்றுவது தனிமனித உரிமை. எண் ஜோதிடத்துக்காக ஒரு எழுத்தைக் கூட்டுகிறவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. கூட்டிய அன்றே இந்த வேலைகளையும் செய்துவிட வேண்டும். வங்கியில் ஒரு எழுத்து, கல்விச் சான்றிதழில் ஒரு எழுத்து என்று விட்டுவிட்டால் வருங்கால வைப்பு நிதியை எடுக்கும் நாளில், பல பழைய கணக்குகளில் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழி இல்லாமல் பணம் நகராது. அப்போது பழைய நிறுவனம் மூடியிருந்தால் என்ன செய்வது?

அம்மாவின் பெயர் மாறியதற்குக் காரணம் வேறு. மீனாட்சி என்று பிறந்தவர். புகுந்த வீட்டில் மாமியார் பெயரும் மீனாட்சி. ஒரே பெயரில் மாமியாரும் மருமகளும் இருந்தால் மருமகளை எப்படி அதட்டிக் கூப்பிடுவது என்று, வந்த வாரமே 'மல்லிகா' ஆக்கிவிட்டார்கள். குடும்ப அட்டை, ஆதார், குடும்ப ஓய்வூதியம் எல்லாம் மல்லிகாவுக்கே. தாய்மாமன்கள் தங்கள் வீட்டு மனையைப் பிரித்தபோது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டியவர் மீனாட்சி. அப்பா விஷயத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு இதை உடனே செய்தோம். எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ், அதே கல்யாணப் பத்திரிகை, இரண்டு பெயரும் தன்னுடையவையே என்று அம்மா செய்துகொடுத்த பிரமாணப் பத்திரம், அவ்வளவுதான். உயிரோடு இருப்பவர் தானே நேரில் வந்து சொன்னால் கேள்வி அங்கேயே முடிகிறது. நோட்டரி முன்னால் இரண்டு கையெழுத்தும் போடச் சொன்னபோது, மல்லிகா என்று சட்டென்று எழுதிய அம்மா, மீனாட்சி என்று எழுதச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெயரை யாரும் அவரிடம் கேட்டே பறிக்கவில்லை என்பதை நினைத்து அன்று இரவு எனக்குக் கோபம் வந்தது. திருமணத்தால் பெண் பெயரையோ இனிஷியலையோ மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நான் மாற்றவில்லை. என் மகள்களுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இனிஷியலின் தொல்லை தனி. துரைராஜ் என்பதை ஆங்கிலத்தில் நான்காவது எழுத்தில் தொடங்குபவர்களும் உண்டு, இருபதாவது எழுத்தில் தொடங்குபவர்களும் உண்டு. தமிழில் இரண்டையும் 'டி' என்றே எழுதுவோம் என்பதால் பள்ளிக் காலம் முழுக்க வேறுபாடு தெரியாது. என் சான்றிதழில் நான்காம் எழுத்து, தம்பியுடையதில் இருபதாம் எழுத்து. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும், பான் அட்டைக்கும் அப்படித்தான். விரித்தவுடன் ஒரே தகப்பனாருக்கு இரண்டு எழுத்துக்கோவைகள் வந்துவிட்டன. தம்பி வேலைக்காக வெளிநாடு போக வேண்டியிருந்ததால் அப்பாவின் பணிப் பதிவேட்டில் உள்ள எழுத்துக்கோவையையே அளவுகோலாகக் கொண்டு கெஜட்டில் மாற்றிக்கொண்டான். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் சாதாரணமாகத் திருத்தலாம். அதனால் கெஜட் கைக்கு வரும்வரை ஆதாரைத் தொடாமல் வைத்திருந்தான். கெஜட், பிறகு ஆதார், பிறகு பான், வங்கி, கடைசியில் பாஸ்போர்ட் என்பது அவன் கடைப்பிடித்த வரிசை. ஆதாரும் பானும் ஒத்துப்போகாமல் இணைப்பு நின்றுபோகும் சிக்கல் வரவில்லை.

பாஸ்போர்ட்டில் நம்மவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுச் சொந்தப் பெயரை மட்டும் எழுதுகிறவர்கள் தமிழ்நாட்டில் மிக அதிகம். 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் மட்டுமே பெயராக உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விட, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அச்சாகும். பல்கலைக்கழகம், வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லா இடத்திலும் அந்தச் சுருக்கமே பெயராக ஒட்டிக்கொள்ளும். எனவே தகப்பனார் பெயரை எந்தக் கட்டத்தில், எந்த எழுத்துக்கோவையில் எழுதுவது என்று உடன்பிறந்தவர்கள் கூடிப் பேசி ஒரே மாதிரி செய்துகொள்வது நல்லது.

இனிமேல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தலைமை ஆசிரியர் 'ராஜ்' சேர்க்க வழியில்லை. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆவணம். குழந்தையின் பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடும் பதிவு செய்யலாம். தம்பி பேரனுக்குப் பெயர் பதிவு செய்த அன்று, தாய் தகப்பன் இருவரின் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் படிவத்தைக் கொடுத்தோம்.

இப்போது எங்களுக்கு மிச்சமிருப்பது கொள்ளுத்தாத்தாவின் வீட்டு மனை. அது 1931 பத்திரத்தில் உள்ளது. அதில் தாத்தாவின் தம்பிக்கும் பங்கு உண்டு. அவர் 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். ஊரில் வேலாயுதம். தோட்டத்துக் கிராணி (கணக்கெழுதுபவர்) எழுதியது வேலு, தகப்பனார் பெயர் ராமன். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய 1948-இல் அங்கே அடையாள அட்டை கொடுத்தபோது அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அங்கே அவருடைய பிள்ளைகளின் பெயரோடு வருவது 'வேலு'. ஊர்க் கணக்கில் வேலு என்று ஒருவர் இல்லவே இல்லை.

வேலாயுதத்தையும் வேலுவையும் சேர்த்துக் கட்டுபவை அவர் அனுப்பிய கடிதங்கள். உறையின் பின்பக்கம் தோட்டத்தின் பெயரோடு 'வேலு' என்று இருக்கும். உள்ளே 'தங்கள் அன்புத் தம்பி வேலாயுதம்' என்று முடியும். தாத்தா அவற்றை உறையோடு வைத்திருந்தார். உறைகளைக் கிழித்தெறிந்திருந்தால் கடிதங்களால் மட்டும் எதையும் நிரூபித்திருக்க முடியாது. பினாங்கில் உள்ள பேரப்பிள்ளைகள் இங்கே வர முடியாததால் அதிகாரப் பத்திரம் அனுப்புகிறார்கள். அதை அங்கே நோட்டரியிடம் கையெழுத்திட்டு, கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை செலுத்தவும் வேண்டும். அந்தக் கெடு தவறாமல் இருக்க, தபால் உறையில் உள்ள தேதி முத்திரையையும் பத்திரப்படுத்த வேண்டும் என்று பத்திர எழுத்தர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்.

வரைவு தயாராகிவிட்டது. 'காலஞ்சென்ற ராமசாமி என்கிற ராமன் குமாரர் காலஞ்சென்ற வேலாயுதம் என்கிற வேலு' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். சின்னத் தாத்தாவின் பேத்தி அதைப் படித்துவிட்டு, தன் அடையாள அட்டையில் உள்ளபடி தன் தகப்பனார் பெயரில் ஓரிடத்தில் நெடிலைக் குறிலாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். திருத்திய படி நேற்று பத்திர எழுத்தரிடம் போய்விட்டது.